காவலுக்கு வந்த தேரை

மழைக்காலத்தில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மைச் சற்று நேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஓர் இல்லத்தரசியார். மழை பெய்தால் அவர்கள் குடியிருப்பின் வாசற்படி வரையில் தேரைகள் வந்து அமர்ந்துவிடுகின்றனவாம். ஆஸ்திரேலியாவில் தேரைகளைப் பிடித்துக் கொல்லுமாறு மக்களைத் தூண்டுகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு வந்த அவருடைய மகன், கையில் கோலை எடுத்துக்கொண்டானாம். "அந்நாட்டில் கொல்லலாம் எனின் இங்கே மட்டும் ஏன் கூடாது? அதற்கு நஞ்சு உண்டா? குழந்தைகள் விளையாடும் இடமாயிற்றே" என்று கேட்கிறார் அம்மையார்.

கொல்ல வேண்டா என்பதே நம் விடை. ஆனால் அதற்குரிய காரணம் ஒரு வரியில் அடங்குவதன்று. ஆஸ்திரேலியா வரையில் சென்று திரும்பினால்தான் அது விளங்கும். ஆதலின் அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் உடன்வர வேண்டுகிறோம்.

தேரை நமக்குப் புதிய பிராணி அன்று. தேங்காயை உடைக்கும்போது உள்ளே பருப்பில்லாமற் போனால், "தேரை மோந்துவிட்டது" என்று அதன்மேற் பழியைப் போடுவது நம் வழக்கம். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளக்கிறான் என்று இரங்குவதும் நம் வழக்கமே. பழியையும் பரிவையும் ஒருங்கே பெற்ற இந்த எளிய பிராணியின் உறவினம் ஒன்று, ஒரு கண்டத்தின் வடபகுதி முழுவதையும் கலக்கிவிட்டது. அது தானே சென்று செய்த வினையன்று. மனிதர் தேடிச் சென்று, பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து செய்த வினை.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே குவீன்ஸ்லாந்து மாநிலம் உள்ளது. அதன் கடற்கரையோரம் நெடுகக் கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. கரும்பு அம்மண்ணுக்கு உரிய பயிரன்று; 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் அதனைத் தொழிலாகப் பயிரிடத் தொடங்கினர். அதனை அழிக்கும் வண்டுகளோ அம்மண்ணுக்கே உரியவை. காட்டு வேர்களைத் தின்று வாழ்ந்த அவற்றிற்கு, வரிசை வரிசையாக நட்ட கரும்பின் வேர் பெருவிருந்தாயிற்று. சாம்பல் முதுகு வண்டு என்று சொல்லப்படுவது இவற்றுள் முதன்மையானது. இதன் வெண்புழு மண்ணுக்குள்ளேயே இருந்து வேரைக் கடித்துவிடும். மேலே பசுமையாக நின்ற கரும்பு ஒருநாள் வாடும், காற்றடித்தால் சாயும். குடியானவன் மண்ணைக் கிளறிப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். கையால் வண்டு பொறுக்குவது முதல் மண்ணுக்கு மருந்திடுவது வரையில் பலவகை முயற்சிகளும் செய்து பார்த்தனர், தொல்லை தீரவில்லை.

இந்நிலையில் 1932ஆம் ஆண்டு, கரீபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் கரும்புத் தொழில் அறிஞர்களின் உலக மாநாடு கூடியது. தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழும் ஒரு பெருந்தேரையை அத்தீவினர் 1920ஆம் ஆண்டுகளில் கொண்டுவந்து தங்கள் தோட்டங்களில் விட்டிருந்தனர். அது வண்டுகளைத் தின்று கரும்பைக் காக்கிறது என்ற செய்தி அம்மாநாட்டில் எடுத்துரைக்கப்பட்டது. அவ்வாண்டே ஹவாய்த் தீவினர் அத்தேரையைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். போர்ட்டோ ரிக்கோவில் புழு குறைந்தது உண்மைதான். ஆனால் 1931 முதல் ஆறு ஆண்டுகள் அத்தீவில் மிகுந்த மழை பெய்தது என்பதும், புழு குறைந்ததற்கு மழையே காரணமாக இருக்கலாம் என்பதும் பின்னரே ஆராய்ந்து அறியப்பட்டன. மழையின் புகழைத் தேரை பெற்றுக்கொண்டது!

1935ஆம் ஆண்டு ஜூன் மாதம், குவீன்ஸ்லாந்து கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரெஜினால்ட் மங்கமரி என்பவர் ஹவாயிலிருந்து 100க்குச் சற்று மேற்பட்ட தேரைகளைக் கொண்டுவந்தார். கெய்ன்ஸ் நகரத்தை அடுத்த கார்டன்வேல் என்னும் ஊரில் அவற்றைக் குளம் கட்டி வளர்த்தனர். அவை விரைவில் முட்டையிட்டன. ஆகஸ்டு மாதத்திலேயே ஏறக்குறைய 2,400 இளந்தேரைகளைச் சுற்றுப்புறத் தோட்டங்களில் விட்டனர். 1937 மார்ச்சுக்குள் விடப்பட்டவற்றின் எண்ணிக்கை 62,000 ஆயிற்று.

இத்துணை விரைவாகப் பெருகும் பிராணி எத்தகையது என்பதை இனிக் காண்போம். முழு வளர்ச்சி பெற்ற கரும்புத் தேரை 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இதனினும் பெரியனவும் உண்டு. 2023 ஜனவரியில் குவீன்ஸ்லாந்தின் கான்வே தேசியப் பூங்காவில் அகப்பட்ட ஒன்று 2.7 கிலோ எடை இருந்தது. அசையக்கூடியதும் வாய்க்குள் அடங்கக்கூடியதுமான எதையும் தேரை விழுங்கும். வண்டு, எறும்பு, கறையான், சிறு பல்லி, சிறு தவளை எல்லாம் அதற்கு உணவு. நாய்க்கு வைத்த தட்டிலும் வாய் வைக்கும். பெண் தேரை ஒருமுறைக்கு 8,000 முதல் 30,000 வரை முட்டையிடும். அம்முட்டைகள் கருமணி கோத்த நீண்ட சரம்போல நீரில் கிடக்கும். இரண்டு மூன்று நாட்களில் அவை பொரித்துக் கரிய தலைப்பிரட்டைகள் வெளிவரும். சில வாரங்களில் அவை ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள குட்டித் தேரைகளாகிக் கரையேறும். வெப்பநாட்டில் ஓராண்டுக்குள் அவையும் முட்டையிடும் பருவம் எய்தும்.

இதன் கண்ணுக்குப் பின்னே இருபுறத்திலும் தடித்த மேடுபோல ஒரு சுரப்பி உண்டு. அழுத்தினால் பால்போன்ற நஞ்சு கசியும். அந்நஞ்சு நேரே இதயத்தைத் தாக்குவது. நம் வீட்டுத் தோட்டத்து அரளியின் நஞ்சும் இவ்வகையினதே. உயிரணுக்கள் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே வாங்கும் நுண்ணிய இயக்கம் ஒன்று உண்டு; அதனை இவ்விரு நஞ்சுகளும் தடுத்துவிடுகின்றன. அதனால் இதயத் துடிப்பு நிலை தடுமாறி நின்றுவிடும். முட்டை, தலைப்பிரட்டை, குட்டி, பெரியது என்று எப்பருவத்திலும் தேரைக்கு இந்நஞ்சு உண்டு.

இவ்வளவு ஆற்றல் வாய்ந்த காவலாளி கரும்பைக் காத்ததா? காக்கவில்லை. புழு இருப்பது மண்ணுக்கடியில். தேரை இருப்பது மண்ணுக்கு மேலே. வண்டு மண்ணைவிட்டு வெளிவந்ததும் பறந்து சென்று மரக்கிளைகளில் அமர்ந்து இலை தின்னும். தேரைக்கோ மரம் ஏறத் தெரியாது. மேலும் தேரைக்குப் பகலில் ஈரமும் நிழலும் வேண்டும். வெட்டிய பின்னரும் நட்ட புதிதிலும் வெறிச்சோடிக் கிடக்கும் கரும்புக் கொல்லையில் அதற்கு நிழல் ஏது? ஆதலின் அது தோட்டத்தைவிட்டு, விளக்கொளியும் பூச்சியும் நிறைந்த வீட்டுப் பக்கமும் ஓடைப் பக்கமும் சென்றுவிட்டது. வண்டுத் தொல்லை 1940ஆம் ஆண்டுகளின் நடுவில் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லியினாலேயே அடங்கியது. அம்மருந்தின் தீங்கும் பின்னர் அறியப்பட்டு அதுவும் விலக்கப்பட்டது. அது வேறு கதை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான் என்பது நம் பழமொழி. குவீன்ஸ்லாந்து அறிஞர்கள் அறிவற்றவர்கள் அல்லர். குடியானவர்களின் துன்பத்தைத் தீர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணம் உடையவர்கள். அவர்கள் இதனைச் செய்யத் துணிந்ததற்கு முன்னுதாரணமும் ஒன்று இருந்தது. அந்நாட்டில் சப்பாத்திக்கள்ளி பல லட்சம் ஏக்கர் நிலத்தைப் புதர்மண்டச் செய்திருந்தது. 1925ஆம் ஆண்டு அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்னும் சிறு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்தனர். அதன் புழு கள்ளியைக் குடைந்து தின்று சில ஆண்டுகளில் நிலத்தை விடுவித்தது. நன்றி பாராட்டிய குடியானவர்கள், 1936இல் பூனார்கா என்ற ஊரில் அப்பூச்சியின் பெயரால் ஒரு மண்டபமே கட்டினார்கள்! நம் தென்னாட்டிலும் 1926இல் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதில் பூச்சியைக் கொண்டுவந்து சப்பாத்திக்கள்ளியை அடக்கினர் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ளலாம்.

இரண்டும் வெளிநாட்டுப் பிராணிகளே. ஒன்று வரமாயிற்று; மற்றொன்று சாபமாயிற்று. ஏன்? அந்துப்பூச்சியை வெளியே விடுமுன் அதன் புழு வேறு பயிர்களைத் தின்னுமா என்று சோதித்தனர். அது கள்ளியையன்றி வேறொன்றையும் நாடவில்லை. தேரையோ எதையும் தின்பது. அது வண்டைத் தின்னுமா என்று கேட்டார்களேயன்றி, வேறு எதைத் தின்னும் என்று கேட்கவில்லை. அதனை எது தின்னும், தின்றால் என்னாகும் என்றும் கேட்கவில்லை. வேண்டா என்றால் திரும்ப அழைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட இம்மூன்று கேள்விகளுக்கும் அந்நாடு இன்றுவரை விடை தேடிக்கொண்டிருக்கிறது.

ஒருவரும் கேட்கவில்லை என்று சொல்வதும் முறையன்று. வால்டர் ஃபிராகட் என்ற முதிய பூச்சியியல் அறிஞர் ஒருவர் கேட்டார். முயலும் கள்ளியும் போல இத்தேரையும் நாட்டிற்குப் பெருந்தொல்லையாகலாம் என்று அவர் எச்சரித்தார். அதன் பயனாக 1935 டிசம்பரில் தேரைகளை வெளியே விடுவதற்கு மத்திய அரசாங்கம் தடை விதித்தது. கரும்புத் தொழிலினரும் மாநிலத்தாரும் வற்புறுத்தவே, 1936 செப்டம்பரில் அத்தடை நீங்கியது. ஃபிராகட் 1937இல் காலமானார். தம் சொல் பலித்ததை அவர் காணவில்லை.

அதன்பின் தேரை நடக்கத் தொடங்கியது. தெற்கேயும் மேற்கேயும் பரவி, 1980ஆம் ஆண்டுகளில் வடக்குப் பிரதேசத்தினுள் புகுந்தது. 2001இல் புகழ்பெற்ற ககாடு தேசியப் பூங்காவை அடைந்தது. 2009இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையைக் கடந்தது. இன்று அந்நாட்டிலுள்ள தேரைகள் 20 கோடிக்கு மேலிருக்கும் என மதிப்பிடுகின்றனர்.

எண்ணிக்கையினும் கொடியது அதன் நஞ்சு விளைத்த கேடு. ஆஸ்திரேலியாவில் தவளைகள் பல உண்டு. தேரையினம் ஒன்றுகூட இயற்கையில் இருந்ததில்லை. ஆதலின் அங்குள்ள ஊனுண்ணிகள் தேரை நஞ்சைத் தாங்கும் ஆற்றலைப் பெறவில்லை. மெல்ல நகரும் கொழுத்த தவளையொன்று கிடைத்ததென்று எண்ணி உடும்பு கௌவும். சில நிமிடங்களில் அதன் இதயம் நின்றுவிடும். மஞ்சட்புள்ளி உடும்பு முதலியவை தேரை வந்த இடங்களில் பத்தில் ஒன்பது பங்கும் அதற்கு மேலும் மறைந்தன. நன்னீர் முதலைகள் சில ஆறுகளில் செத்து மிதந்தன. கொடிய நஞ்சுடைய பாம்புகளும் தேரையின் நஞ்சுக்குத் தோற்றன. குவால் என்பது பூனையினும் சிறியதாய், உடலெங்கும் வெண்புள்ளி கொண்டதாய், கங்காருவைப் போலப் பையுடைய இனத்தைச் சேர்ந்த ஓர் அழகிய ஊனுண்ணி. வட ஆஸ்திரேலியாவின் பல பகுதிகளில் அது அடியோடு காணாமற்போயிற்று.

ஓர் உயிர் மறைந்தால் அதனோடு பிணைந்த மற்றவையும் அசைகின்றன. டேலி என்ற ஆற்றங்கரையில் பன்றி மூக்கு ஆமை மணலில் முட்டையிடும். உடும்பு அதனைத் தோண்டித் தின்னும். தேரை வந்து உடும்பு குறைந்தது. உடும்பு குறையவே ஆமை முட்டைகள் பிழைத்தன. ஆமைக்கு இது நன்மைதானே எனலாம். ஆயினும் நூற்றாண்டுகளாக நின்ற தராசின் ஒரு தட்டைத் தட்டிவிட்டால், மற்றத் தட்டு எங்கே போய் நிற்கும் என்பதை யார் சொல்லவல்லார்?

இயற்கை முற்றும் கைகட்டி நிற்கவில்லை. சில காக்கைகளும் பருந்துகளும் தேரையை மல்லாத்தி, நஞ்சுச் சுரப்பியைத் தொடாமல் தின்னக் கற்றுக்கொண்டன. நீரெலி ஒருவகை, தேரையின் வயிற்றைக் கீறி இதயத்தையும் ஈரலையும் மட்டும் எடுத்துத் தின்பதைக் கண்டிருக்கின்றனர். சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பு, தேரையை ஒதுக்கவும் அதன் நஞ்சை ஓரளவு தாங்கவும் சில தலைமுறைகளிலேயே பழகிவிட்டது.

தேரையும் மாறிக்கொண்டது. தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் பரவியது, பின்னர் ஐம்பது கிலோமீட்டர் வரையிலும் பரவலாயிற்று. ரிக் ஷைன் என்ற பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் இதன் காரணத்தை 2006இல் வெளியிட்டனர். படையின் முன்னணியிலுள்ள தேரைகளுக்குப் பின்னே தங்கியவற்றைவிடக் கால்கள் நீளமானவை! விரைந்து செல்பவை முன்னணியில் ஒன்றுகூடித் தம்முள் இணையவே, அவற்றின் குஞ்சுகள் மேலும் விரைவுடையன ஆயின. இவ்வோட்டத்திற்கு அவை விலையும் கொடுக்கின்றன. முன்னணித் தேரைகளின் முதுகெலும்பில் மூட்டு நோய் காணப்படுகிறது. மனிதன் திறந்துவிட்ட ஒரு வாயிலின் வழியே, நம் கண்முன்னே ஓர் இனம் உருமாறிக்கொண்டிருக்கிறது.

இனிப் பரிகாரம் யாது? இரவில் விளக்குடன் சென்று கையால் பிடித்து மாய்ப்பது ஒரு முறை. மக்கள் ஊக்கத்துடன் செய்கின்றனர். ஆனால் ஒரு பெண் தேரை தப்பினாலும் முப்பதாயிரம் முட்டை! ஆகவே ஆராய்ச்சியாளர்கள் தேரையின் இயல்பையே அதற்கு எதிராகத் திருப்புகின்றனர். அதன் தலைப்பிரட்டைகள் தம் இனத்தின் முட்டைகளையே தேடித் தின்பவை. முட்டையின் நஞ்சு மணமே அவற்றை ஈர்க்கிறது. அந்நஞ்சைப் பொறியில் வைத்தால் தேரையின் தலைப்பிரட்டைகள் மட்டும் ஆயிரக்கணக்கில் வந்து அகப்படுகின்றன.

மற்றொரு முறை நம் தாய்மார்களுக்கு உடனே விளங்கும். ஒருமுறை தின்று குமட்டிய பண்டத்தைக் குழந்தை மறுபடி தொடாது அன்றோ? தேரை இறைச்சியில் குமட்டல் தரும் மருந்து கலந்து குவால்களுக்கு ஊட்டினர். அவை அதன்பின் தேரையைக் கண்டால் விலகின. பெருந்தேரைகள் வந்து சேருமுன் குட்டித் தேரைகளை உடும்புகளுக்குக் கிடைக்கவிட்டும் பார்த்தனர். குட்டியில் நஞ்சு சிறிது. தின்ற உடும்பு நோயுறுமேயன்றிச் சாவதில்லை. சிறிய பாடம் கற்ற உடும்பு பெரிய ஆபத்திலிருந்து தப்பியது.

உயிரைத் தொலைவில் வைத்துக் காக்கவும் முயன்றனர். 2003இல் 64 குவால்களைத் தேரையில்லாத இரண்டு தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். அங்கே அவை பல்லாயிரமாகப் பெருகின. மகிழ்ந்து 2016இல் சிலவற்றைக் ககாடுவுக்குத் திருப்பிக் கொணர்ந்தபோது, அவை டிங்கோ என்னும் காட்டுநாயைக் கண்டு அஞ்ச மறந்திருந்தன! பகையில்லாத தீவில் பதின்மூன்று தலைமுறைகள் வாழ்ந்ததன் விளைவு அது. நாய்கள் அவற்றைக் கொன்றன. கெடுத்த ஒன்றைத் திருத்துவது எத்துணை அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. இப்போது மேற்கே, பாலைநிலத்திற்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலப்பகுதியில், கால்நடைகளுக்கு அமைத்த நீர்த்தொட்டிகளைத் தேரைக்கு எட்டாமற் செய்துவிட்டால் அதன் பயணத்தை அங்கேயே நிறுத்தலாம் என்று திட்டமிடுகின்றனர். நீரின்றித் தேரையால் அப்பகுதியைக் கடக்க இயலாது.

இது எங்கோ நடந்த கதை, நமக்கென்ன என்று இருப்பதற்கில்லை. கடிதம் எழுதிய அம்மையாரின் வாசற்படியில் அமர்ந்த தேரை வேறு இனம். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் காணப்படும் ஆசியத் தேரை அது. நம்மிடையே அது பன்னெடுங்காலமாக வாழ்கிறது. அதனைத் தின்று தாங்கும் பாம்புகள் இங்கே உண்டு. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள உடும்பினங்களின் உடலும் தேரை நஞ்சைத் தாங்குமாறு அமைந்திருக்கிறது. இங்கே அது கறையானையும் வண்டையும் தின்று நமக்கு உதவும் அண்டை வீட்டார். ஆனால் இதே ஆசியத் தேரை தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மடகாஸ்கர் தீவை எவ்வாறோ அடைந்துவிட்டது. டோமசினா என்ற துறைமுகப் பகுதியில் அது பெருகியிருப்பதை 2014இல் உலகம் அறிந்தது. அத்தீவின் 77 உயிரினங்களை ஆராய்ந்தபோது, ஒன்றைத் தவிர மற்ற 76க்கும் தேரை நஞ்சைத் தாங்கும் அமைப்பு இல்லை என்று கண்டனர். நம் முற்றத்து நண்பன் அங்கே பகைவன்.

நம் நாட்டுக்குள்ளேயும் இவ்வாறு நிகழ்கிறது. பெருநிலத்து வயல்களில் வாழும் பெருந்தவளை அந்தமான் தீவுகளில் புகுந்து பரவிவிட்டது. மீன் குஞ்சுகளோடு கலந்து சென்றிருக்கலாம் என்று கருதுகின்றனர். அதன் தலைப்பிரட்டைகள் தீவுத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடுகின்றன. இந்தியாவே ஆயினும் அந்தமான் அதற்கு வேற்று நிலம். கல்கத்தா வாசிகள் அறிந்த பெருநத்தையோ 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸ் தீவிலிருந்து ஆர்வத்தால் கொண்டுவந்து சௌரங்கித் தோட்டமொன்றில் விடப்பட்டது. இன்று அது நாட்டின் பல பகுதிகளில் தோட்டப் பயிர்களைத் தின்று திரிகிறது.

ஊரைவிட்டு ஊர் வந்து வாழும் நம் அன்பர்களுக்கு இங்கே ஒரு சொல். இப்பிராணிகளை 'வந்தேறி' என்று குறிப்பிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. நாம் அச்சொல்லை இக்கட்டுரையில் ஆளவில்லை. மனிதர் எங்கிருந்து எங்கே சென்றாலும் ஒரே இனத்தவர். சென்ற ஊரின் மொழியைக் கற்பவர், அண்டை வீட்டார் சொல்லைக் கேட்பவர், தவறினால் திருந்துபவர். தேரைக்கும் வண்டுக்கும் உரிய கணக்கை மனிதர்மேல் ஏற்றுவது அறிவும் ஆகாது, அறமும் ஆகாது. மேலும் தேரையும் தன் விருப்பால் கப்பலேறவில்லை. கணக்குக் கேட்க வேண்டுமானால், தூக்கிச் சென்ற கையைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே அம்மையாருக்கும் அவர் மகனுக்கும் நாம் சொல்வது இதுவே. ஆஸ்திரேலியர் தேரையைக் கொல்வது அது தேரை என்பதனால் அன்று. அங்கே அது இருக்கத்தகாத இடத்தில் இருப்பதனால். நம் வாசலில் அது இருக்கத்தக்க இடத்திலேயே இருக்கிறது. விளக்கைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடித் தேரை வரும். இரவில் வாசல் விளக்கை அணைத்து, கதவின் அடியிலுள்ள இடைவெளியை அடைத்துவிட்டால் அது உள்ளே வாராது. வந்துவிட்டால் துடைப்பத்தால் முறத்தில் தள்ளிச் செடியோரம் விட்டுவிடுக. தொட்டால் மரு உண்டாகும் என்பது வீண் அச்சம். எனினும் அதன் தோலிலும் நஞ்சு உண்டு. குழந்தைகள் தொட்டுவிட்டால் கண்ணையும் வாயையும் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவச் செய்க. வீட்டு நாய் அதனைக் கௌவி வாயில் நுரை தள்ளினால், ஈரத்துணியால் ஈறையும் நாவையும் துடைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க.

நாம் அஞ்சவேண்டிய தேரை வேறு உருவத்தில் நம் வீட்டுக் கூடத்திலேயே இருக்கக்கூடும். கண்ணாடித் தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று சொல்லி விற்கப்படும் தென் அமெரிக்க மீன் பெரிதாகிவிட்டதும், பாவம் பிழைக்கட்டும் என்று ஏரியில் விட்டுவிடுகிறோம். கல்கத்தாவின் கிழக்கே உள்ள சதுப்பு ஏரிகளிலும், சென்னையை அடுத்த நீர்நிலைகளிலும் அது பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. காதருகே செங்கோடுள்ள அமெரிக்க ஆமையையும் இவ்வாறே கோயிற்குளங்களில் விட்டுவிடுகின்றனர். இச்செயலில் இரக்கம் இருக்கிறது. ஆனால் 1935இல் கார்டன்வேலிலும் நல்லெண்ணம் இருந்தது. வளர்க்க இயலாதெனின் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுப்பதும், அன்றி வளர்க்கும் வேறொருவரிடம் ஒப்படைப்பதும் நல்லது. வாங்குமுன் எத்துணைப் பெரிதாக வளரும் என்று கேட்டுக்கொள்வது அதனினும் நல்லது.

ஊரிலிருந்து கொண்டுவந்து பலகணித் தொட்டியில் நட்ட கறிவேப்பிலைக் கன்றினால் யாருக்கும் தீங்கில்லை. அதனை மனநிறைவோடு வளர்த்து வருக. உயிருள்ள எதனையும் திறந்த நீரிலோ திறந்த நிலத்திலோ விடுமுன் மட்டும், குவீன்ஸ்லாந்தில் கேட்காமல் விட்ட அந்த மூன்று கேள்விகளையும் உங்கள் பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். இது எதைத் தின்னும்? இதனை எது தின்னும்? வேண்டா என்றால் திரும்ப அழைக்க முடியுமா?